நேற்றைக்குள் ஓடும் கார்: பார்த்தே ஆக வேண்டிய காலப்பயண ஆக்‌ஷன் படங்கள்

டோனி ஸ்காட் இயக்கி 2006-ல் வெளிவந்த ‘டேஜா வூ’ படத்தில் ஒரு கார் துரத்தல் வருகிறது. காலப்பயண ஆக்‌ஷன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் மக்கள் நிறைந்த பயணப் படகு ஒன்று குண்டு வெடித்துச் சிதறுகிறது. விசாரிக்க வரும் அதிகாரி டென்ஸல் வாஷிங்டன். அவருக்கு அரசாங்கத்தின் ரகசியக் கருவி ஒன்றைக் காட்டுகிறார்கள். நாலு நாள், ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததை அது கண்ணெதிரே காட்டும். எந்த இடத்தைப் பார்ப்பது என்று அந்தந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கமும் காலம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தவறவிட்ட நொடி தவறவிட்டதுதான்.

குற்றவாளி வண்டியில் ஏறி அந்தக் கருவியின் எல்லையைத் தாண்டிப் போகிறான். அவன் போனது நாலு நாளுக்கு முன்னால். அவனைத் துரத்த வேண்டுமானால் கருவியின் நடமாடும் வடிவத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு இன்றைய சாலையில் வண்டி ஓட்ட வேண்டும். டென்ஸல் ஓட்டுகிறார். கருவி வழியாகத் தெரிவது அன்றைய இரவு. கண்ணாடிக்கு வெளியே இன்றைய பட்டப்பகல். அன்றைக்கு அவன் தாராளமாகப் போன தடத்தில் இன்றைக்கு எதிரே வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. பாலத்தின் மேல் எதிர்த்திசையில் நுழைந்து, யாருமே துரத்தப்படாத ஒரு துரத்தலுக்காக இவர் பல வண்டிகளை நொறுக்கிக்கொண்டு போகிறார். அவனுக்கு இவர் பின்னால் வருவதே தெரியாது. நாலு நாள் கழித்து வருகிறவரை எப்படித் தெரியும்?

இந்தக் காட்சியிலிருந்து காலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. அதுதான் என் அளவுகோல். சண்டையோ துரத்தலோ, அந்தப் படத்தின் காலப்பயண விதியாலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். இயந்திரத்தில் ஏறி வேறொரு வருடத்தில் இறங்கி, அங்கே வழக்கமான துப்பாக்கிச் சண்டை போடுகிற படங்கள் நிறைய உண்டு. அவற்றில் காலம் ஒரு பேருந்து வேலை பார்க்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆக்‌ஷன் படத்தின் உயிரே ஆபத்துதான். கீழே விழுந்தால் செத்துப்போவான் என்பதால்தான் கூரையின் விளிம்பில் ஒருவன் தொங்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. காலப்பயணம் அந்த ஆபத்தை அழித்துவிடுகிறது. செத்தால் என்ன, பின்னால் போய்ச் சரி செய்துகொள்ளலாமே! இரண்டையும் ஒரே படத்தில் வைக்கிற இயக்குநர் ஏதாவது ஒரு கதவை அடைத்தே ஆக வேண்டும். எந்தக் கதவை, எவ்வளவு சாமர்த்தியமாக அடைக்கிறார் என்பதில்தான் படம் நிற்கிறது அல்லது விழுகிறது. (இனி வரும் பத்திகளில் கதைகள் கொஞ்சம் வெளிப்படும். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

ஜேம்ஸ் கேமரூன் 1984-ல் எடுத்த ‘தி டெர்மினேட்டர்’ எல்லாக் கதவையும் அடைத்துவிட்ட படம். 2029-லிருந்து ஒரு இயந்திரமும் ஒரு மனிதனும் 1984-க்கு வருகிறார்கள். திரும்பிப் போக வழியில்லை. இனி யாரும் வரப்போவதும் இல்லை. உயிருள்ள சதை மட்டும்தான் அந்தப் பயணத்தைத் தாங்கும் என்பதால் ஆயுதமும் கொண்டுவர முடியாது, உடுத்த துணிகூடக் கிடையாது. இயந்திரம் வர முடிந்ததே அதன்மேல் போர்த்தியிருக்கும் சதையால்தான். இந்த ஒரு விதி படத்துக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எதிர்காலத்துப் போரை 1984-ன் சாதாரணத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு நடத்தியாக வேண்டும். சிறிய பட்ஜெட்டில் எடுத்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது. லேசர் பீரங்கி வேண்டாம், ஒரு ஷாட்கன் போதும்.

அர்னால்டு வந்து இறங்கியதும் தேடுவது டெலிபோன் டைரக்டரியை. சாரா கானர் என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் வரிசையாகக் கொல்லக் கிளம்புகிறது அந்த இயந்திரம். எந்த சாரா என்று அதற்குத் தெரியாது. எதிர்காலத்தில் ஆவணங்கள் அழிந்துபோய்விட்டதால் அதன் கையில் இருப்பது பெயரும் ஊரும் மட்டும்தான். காலப்பயணத்தின் ஓட்டை ஒன்று கொலையின் வரிசையாக மாறுகிற இந்த இடம் எனக்கு எப்போது பார்த்தாலும் குளிரெடுக்கும். அப்புறம் படம் முழுக்க அந்த உடல் கழன்றுகொண்டே வருகிறது. முதலில் கை, பிறகு கண், பிறகு தோல் மொத்தமும். கடைசியில் வெறும் உலோக எலும்புக்கூடு மட்டும் நடந்து வருகிறது. எதற்காகச் சதையைப் போர்த்திக்கொண்டு வந்ததோ அந்தச் சதை போன பிறகும் வேலையை விடவில்லை.

இரண்டாம் பாகம் 1991-ல் வந்தது. எல்லாரும் அதன் திரவ உலோக மனிதனையும், வறண்ட கால்வாய்க்குள் லாரி குதிக்கும் துரத்தலையும் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். அந்தக் கால்வாய்த் துரத்தலில் எது எங்கே இருக்கிறது, யாருக்கும் யாருக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒரு நொடிகூடக் குழம்பாது. ஆனால் காலப்பயணப் படமாக அதன் உச்சம் வேறொரு காட்சி. எதிர்கால அழிவுக்குக் காரணமாகப்போகிற கம்ப்யூட்டர் நிபுணர் இரவில் தன் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். இருட்டில் துப்பாக்கியோடு சாரா. அவர் முதுகில் சிவப்பு லேசர் புள்ளி நகர்கிறது. முதல் பாகத்தில் இதே மாதிரி லேசர் பொருத்திய துப்பாக்கியோடு சாராவைத் தேடி வந்தது இயந்திரம். இப்போது, இன்னும் செய்யாத தப்புக்காக ஒரு மனிதனைக் கொல்ல சாரா வந்திருக்கிறாள். அவருடைய பையனின் பொம்மைக் கார் வந்து காலில் முட்ட, அவர் குனிகிறார். குண்டு தலைக்கு மேலே போய் கம்ப்யூட்டரை உடைக்கிறது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பதை லிண்டா ஹாமில்டனின் முகத்துக்காகவே பார்க்க வேண்டும். சுட்டுக்கொண்டே உள்ளே வருகிற அந்தப் பெண், மனைவியும் குழந்தையும் அழுவதைப் பார்த்த பிறகு விசையை அழுத்த முடியாமல் உடைந்து உட்காருகிறாள். வருங்காலத்தைத் தடுக்க ஒரு கொலை செய்யலாமா என்ற கேள்வி எந்த வசனமும் இல்லாமல் ஒரு சண்டைக் காட்சிக்குள் வந்துவிடுகிறது.

சரி, கதவை அடைக்காமல் திறந்தே விட்டால் என்ன ஆகும்? எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம் என்று வைத்துவிட்டால்? அதைச் செய்து காட்டிய படம் டக் லைமனின் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’, 2014. ஹிரோஷி சகுரஸாகா 2004-ல் எழுதிய ஜப்பானிய நாவல்தான் மூலம். வேற்றுக்கிரக உயிர்களோடு போர் நடக்கிறது. டாம் க்ரூஸ் போர்முனையையே பார்க்காத, விளம்பரப் பிரிவு அதிகாரி. வம்பு பண்ணியதால் கடற்கரைத் தாக்குதலில் தள்ளிவிடப்படுகிறார். இறங்கிய சில நிமிடங்களில் செத்துப்போகிறார். கண் விழித்தால் முந்தின நாள், அதே முகாம், அதே அதட்டல்.

இந்தப் படத்தில் அலுக்காமல் பார்க்க வைப்பது படத்தொகுப்பு. முதல் சில சுற்றுகளைப் பொறுமையாகக் காட்டுகிறார்கள். நமக்கு வரிசை மனப்பாடமானதும் பாதி பாதியாக வெட்டுகிறார்கள். பயிற்சியில் டாம் க்ரூஸுக்குக் கால் உடைந்தால் எமிலி ப்ளன்ட் யோசிக்காமல் தலையில் சுட்டுவிடுகிறார். அடுத்த ஷாட்டில் மறுபடி முகாம். ஒவ்வொரு சாவும் ஒரு பாடம் என்று ஆகிவிடுகிறது. ஒரு சண்டை வீரன் எப்படித் தேர்ச்சி அடைகிறான் என்பதைச் சாவுகளாலேயே காட்டிய வேறு படம் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் போர்க் கவசங்கள் உண்மையிலேயே கனமானவை, ஏறத்தாழ 38 கிலோ. நடிகர்கள் அதைப் போட்டுக்கொண்டு மணலில் ஓடும்போது தெரியும் சிரமம் நடிப்பு இல்லை.

இவ்வளவு சாவுக்கு நடுவில் ஆபத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள்? ஒரு பண்ணை வீட்டில். இருவரும் தப்பித்து அங்கே வந்து சேர்கிறார்கள். அவர் காபி கலந்து கொடுக்கிறார். அவளுக்கு எத்தனை சர்க்கரை வேண்டும் என்று கேட்காமலே போடுகிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். நாமும் அப்போதுதான் திடுக்கிடுகிறோம். நாம் முதல்முறை பார்க்கும் இந்த இடத்துக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இதைத் தாண்டி அவளைக் காப்பாற்ற முடியவில்லை. தன் உயிருக்கு ஆபத்து இல்லாதவனுக்கு இன்னொருத்தியின் உயிர் ஆபத்தாகிவிட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டால் இந்தத் திரும்பும் சக்தி போய்விடும் என்ற விதியையும் முன்பே சொல்லிவைத்துவிடுகிறார்கள். அதனால் பின்பாதியில் ஒவ்வொரு காயமும் நமக்குப் பதற்றம்தான். கடைசிச் சில நிமிடங்களில் வரும் தீர்வு எனக்கு உவப்பானதில்லை. அவ்வளவு கணக்காகப் போன படம் அங்கே கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) இதே சுழல் வகைதான், ஆனால் போடுகிற கணக்கு வேறு. சிலம்பரசன் விமானத்தில் கண் விழிக்கிறார், கல்யாணத்துக்குப் போகிறார், முதலமைச்சரைக் கொல்லும் சதியில் மாட்டிக்கொண்டு சாகிறார், மறுபடி விமானம். அவர் நடிக்கும் அப்துல் காலிக் என்ற இஸ்லாமிய இளைஞன்மீது பழி விழுந்தால் ஊரே பற்றி எரியும் என்பதால் அவன் தப்பித்தால் மட்டும் போதாது, கொலையே நடக்கக் கூடாது. இதுவரை சரியான கமர்ஷியல் படம். இடைவேளையை ஒட்டி அது வேறு உயரத்துக்குப் போகிறது. எஸ்.ஜே.சூர்யா நடித்த போலீஸ் அதிகாரி தனுஷ்கோடியும் அதே சுழலுக்குள் வந்துவிடுகிறார். நாயகனுக்கு என்னென்ன நினைவிருக்கிறதோ அதெல்லாம் இனி வில்லனுக்கும் நினைவிருக்கும்.

அதுவரை நாயகனுக்கு இருந்த ஒரே ஆயுதம் ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்பது. அதைப் பிடுங்கிவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் இருவர் ஆடும் சதுரங்கம். ஒருவரை ஒருவர் கொல்வதில்கூட லாபமில்லை, காலிக் செத்தால் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். எதிரியைச் சாகடிக்கக் கூடாது, உயிரோடு முடக்கிவைக்க வேண்டும் என்ற நிலைக்கு வில்லன் தள்ளப்படுவதைப் பாருங்கள். வழக்கமான மசாலாப் படத்தின் சட்டமே தலைகீழாகிறது. நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் எஸ்.ஜே.சூர்யாவுக்கு வரும் எரிச்சல், அந்த வேகமான பேச்சு, நெற்றியில் கை வைத்துக்கொள்ளும் சலிப்பு இவையெல்லாம் காலச் சுழல் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அசலான சாட்சி. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வில் எதிரிக்கு முகம் கிடையாது. இங்கே எதிரிக்கு முகமும் குரலும் பொறுமையின்மையும் இருக்கிறது. அந்த விஷயத்தில் நம் படம் ஒரு படி மேலே என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தமிழில் இதற்கு முன்னும் நல்ல முயற்சிகள் உண்டு. ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) பெரும்பாலும் சிரிப்புப் படம். ஆனால் அதன் அடித்தளம் ஒரு போலீஸ் என்கவுன்டர். கால இயந்திரத்தோடு விளையாடுகிற இரண்டு பேர் தெரியாமல் குறுக்கே புகுந்ததால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அந்த ஒரு நிமிடத் தடுமாற்றத்தின் விலையை மீதிப் படம் கட்டுகிறது. விக்ரம் குமாரின் ‘24’ (2016) படத்தில் கைக்கடிகாரம் 24 மணி நேரம் மட்டுமே பின்னால் போகும். வில்லன் ஆத்ரேயாவுக்குத் தேவைப்படுவது கோமாவில் தொலைத்த 26 வருடம். பணத்துக்கோ பழிக்கோ அலையாமல் காலத்துக்காகவே வெறிபிடித்து அலையும் வில்லன்! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சூர்யா காட்டுகிற பசி அந்தப் படத்தின் சொத்து. நடுவில் வரும் காதல் பகுதி நீளம் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். ‘மார்க் ஆண்டனி’ (2023) ஆளை அனுப்பாமல் தொலைபேசியில் குரலை மட்டும் அனுப்புகிறது. 1995-லிருந்து 1975-க்குப் பேசி எச்சரித்தால் அங்கே சண்டையின் போக்கு மாறும். இரைச்சலான படம்தான், ஆனாலும் அந்த விதியைக் கடைசிவரை விடாமல் கசக்கிப் பிழிந்திருக்கிறார் ஆதிக் ரவிச்சந்திரன்.

ரையன் ஜான்சனின் ‘லூப்பர்’ (2012) பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எதிர்காலத்துக் கும்பல், தீர்த்துக்கட்ட வேண்டியவர்களை 2044-க்கு அனுப்புகிறது. அங்கே காத்திருக்கும் ஆள் வந்ததும் சுட்டுவிட வேண்டும். ஒருநாள் வந்து இறங்குவது முப்பது வருடம் வயதான அவனேதான். இளைஞன் ஜோசப் கார்டன் லெவிட், வயதானவர் ப்ரூஸ் வில்லிஸ். ஆனால் படத்திலேயே கொடூரமான காட்சியில் இவர்கள் இருவரும் இல்லை. தன் வயதான உருவத்தைத் தப்பவிட்ட இன்னொரு இளைஞன் பிடிபடுகிறான். தப்பியோடிய முதியவரின் கையில் ஒரு முகவரி பழைய தழும்பாகத் தோன்றுகிறது, அங்கே வந்து சேர் என்று. வேலியில் ஏறும்போது விரல் ஒன்று இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த விரலும் இல்லை. பிறகு மூக்கு. வண்டியை ஓட்டிக்கொண்டு விரைகிறார், மிதிக்கக் கால் இல்லை. வேறெங்கோ ஓர் அறையில் இளைஞனின் உடலில் நடப்பது இங்கே முதியவரின் உடலில் ஆறிப்போன காயமாக வந்து சேர்கிறது. வெட்டு விழுவதை ஒரு முறைகூடக் காட்டவில்லை. சித்திரவதை நடக்கும் அறைக்குள் கேமரா நுழையவே இல்லை. துரத்துகிறவரே இல்லாமல் ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் காட்சியை இதைவிடப் பயங்கரமாக யோசிக்க முடியுமா?

கிறிஸ்டோபர் நோலனின் ‘டெனெட்’ (2020) எனக்குப் பாதி பிடித்த படம். காலத்தில் தாவிப் போகாமல், பின்னோக்கி நடந்தே போக வேண்டும் என்பது அதன் விதி. ஒரு வாரம் பின்னால் போக ஒரு வாரம் ஆகும். கட்டடத்துக்குள் நடக்கும் நடைபாதைச் சண்டை இந்த விதியின் முழுப் பலன். ஒருவன் முன்னோக்கி அடிக்கிறான், எதிராளி பின்னோக்கி அடிக்கிறான். விழுகிறவன் எழுகிறான், தரையில் கிடந்த துப்பாக்கி கைக்குத் தாவுகிறது. பின்பாதியில் அதே சண்டையை எதிராளியின் கண் வழியாக மறுபடி பார்க்கிறோம். இரண்டு முறையும் ஒவ்வொரு அடியும் சரியாகப் பொருந்துகிறது. நிஜ போயிங் 747 விமானத்தைக் கட்டடத்தில் மோதவிட்ட படம் இது. ஆனால் எனக்கு அந்த விமானத்தைவிட நடைபாதைதான் பெரிது. கடைசிப் போர்தான் ஏமாற்றம். சிவப்பு அணி முன்னோக்கியும் நீல அணி பின்னோக்கியும் போகிறது, கட்டடம் ஒன்று ஒரே நேரத்தில் இடிந்து எழுகிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் எதிரி யார், எங்கே இருக்கிறான் என்பது பிடிபடுவதில்லை. விதி எவ்வளவு அழகானதாக இருந்தாலும் அடி விழுவது யார்மேல் என்று தெரிந்தால்தானே பதறுவோம்?

‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ (2014) இந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்று. நாயகன் வுல்வரினின் மனம் மட்டும் 1973-க்குப் போகிறது, உடல் எதிர்காலத்திலேயே படுத்திருக்கிறது. அங்கே அவன் மனம் கலங்கினால் இங்கே தூக்கத்திலேயே நகங்கள் நீண்டு, அவனை அனுப்பிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கிழித்துவிடுகின்றன. ‘டைம்காப்’ (1994) சாதாரணப் படம்தான், ஆனால் ஒரே ஆளின் இரண்டு வயதுகள் தொட்டுக்கொள்ளக் கூடாது என்ற விதியை வில்லனை முடிக்கும் ஆயுதமாக மாற்றியதற்காகப் பார்க்கலாம்.

துப்பாக்கியே இல்லாத ஒரு காட்சியையும் சேர்த்தே தீருவேன். ராபர்ட் ஸெமெக்கிஸின் ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ (1985), மணிக்கூண்டுக் காட்சி. கையில் கால இயந்திரம் இருக்கிறது, ஆனால் நேரம் இல்லை. 1955, இரவு 10:04-க்கு மின்னல் இறங்கும் என்று தெரியும். அதே நொடியில் கார் மணிக்கு 88 மைல் வேகத்தில் கம்பியைத் தொட வேண்டும். மரக்கிளை விழுந்து கேபிள் கழன்றுவிடுகிறது. விஞ்ஞானி கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குகிறார். கீழே பையன் கிளப்பப் பார்க்கிறான், கார் கிளம்ப மறுக்கிறது. மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக், இரண்டும் கைக்கு எட்டவில்லை. முடிவு தெரிந்தே பார்த்தாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். பின்னாளில் கோடிகளைக் கொட்டி எடுத்த எத்தனையோ காலப்பயணச் சண்டைகளுக்கு இந்த இரண்டு பிளக் கொடுக்கும் பதற்றம் வாய்க்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ‘தி டெர்மினேட்டர்’, உடனே அதன் இரண்டாம் பாகம். அதற்குப் பிறகு வந்த பாகங்களை அவசரமாகத் தேடிப் போக வேண்டாம். ஒரு விடுமுறை நாள் கிடைத்தால் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வையும் ‘மாநாடு’வையும் இதே வரிசையில் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் நாயகன் எப்போது நமக்கு முந்திக்கொள்கிறான் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதில் வில்லனுக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டும் நொடியைக் கவனியுங்கள். ‘டெனெட்’டை அவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நடைபாதைச் சண்டை இரண்டாம் முறை வரும்போது ஓடவிட்டதை நிறுத்தி, முதல் முறை வந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி தொடருங்கள்.